வண்ணப்படம் சான்றாகாது: கற்றளிகளின் தகைவுக் கணிப்பு குறித்த ஒரு மறுப்பு

தஞ்சைப் பெரிய கோயிலைப் போன்ற பழங்கற்றளிகளின் உறுதியைக் கணினி வழியே மதிப்பிடும் ஆய்வறிக்கைகளில் ஒரு வகைப் படம் இன்று தவறாமல் இடம்பெறுகிறது. கட்டடத்தின் முப்பரிமாண வடிவமும், அதன் மேல் நீலத்தில் தொடங்கிப் பச்சை, மஞ்சள் வழியே சிவப்பில் முடியும் வண்ணப் பட்டைகளும், ஓரத்தில் வண்ணங்களுக்குரிய எண்களும் கொண்ட அந்தப் படத்தில் சிவப்பு தென்படாவிட்டால் கட்டடத்துக்கு ஆபத்தில்லை என்றும், வண்ணங்கள் ஒன்றிலொன்று இழைந்து வழவழப்பாக மாறினால் கணக்கு துல்லியமானது என்றும், அறிக்கையை எழுதுவோரும் அதைப் படித்து முடிவெடுப்போரும் ஒருசேரக் கொள்கின்றனர். இவ்விரண்டு கொள்கைகளும் பிழையானவை. கணக்கு தன் பிழையைத் தானே அறிவித்த இடங்களை மென்பொருள் சராசரி கண்டு மூடிவிடுவதிலிருந்துதான் அந்த வழவழப்பு பிறக்கிறது. சிவப்பின்மையோ, கல்லைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் எஃகைப் பற்றிய கேள்வியைக் கேட்டதனால் கிடைத்த விடையாகவே பெரும்பாலும் இருக்கிறது. ஆயிரம் ஆண்டு நின்ற கட்டடத்தின் மேல் கை வைக்கலாமா என்பதை இத்தகைய படத்தைக் கொண்டு முடிவு செய்வது ஏற்கத்தக்கதன்று.

படம் உருவாகும் விதத்தை முதலில் தெளிவுபடுத்த வேண்டும். ஃபைனைட் எலிமென்ட் முறை என்று பொறியாளர்கள் வழங்கும் கணிப்பு முறையில், கணக்கிட வேண்டிய பொருள் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் கூறு எனவும், கூறுகளின் மூலைகள் கணுக்கள் எனவும், இவையெல்லாம் சேர்ந்த பின்னல் மெஷ் அல்லது வலை எனவும் பெயர் பெறும். இம்முறைக்கு அப்பெயரை 1960இல் வழங்கிய ரே கிளஃப், எட்வர்ட் வில்சனுடன் சேர்ந்து அமெரிக்காவின் நார்ஃபோர்க் அணையில் விழுந்திருந்த விரிசலை அடுத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே இம்முறையால் ஆராய்ந்தார். ஆகவே விரிசல் என்பது இம்முறைக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த கேள்வியன்று. கணினி முதலில் தீர்ப்பது கணுக்களின் இடப்பெயர்ச்சியை, அதாவது பாரம் ஏறும்போது ஒவ்வொரு கணுவும் எவ்வளவு நகர்கிறது என்பதை. தகைவு, அதாவது பொருளுக்குள் ஓரலகு பரப்பில் செயல்படும் விசை, அந்த இடப்பெயர்ச்சி இடத்துக்கு இடம் மாறும் வீதத்திலிருந்து ஒவ்வொரு கூறிலும் தனித்தனியே பெறப்படும் இரண்டாம் நிலை விடையாகும். மாறும் வீதத்தைக் காணும்போது துல்லியம் ஒரு படி இறங்கிவிடுவதால், அதே வலையில் இடப்பெயர்ச்சி நம்பத்தக்கதாக இருந்தும் தகைவு நம்பத்தகாததாக இருப்பது இயல்பாக நேர்வதே.

காவிரிப் பாசனத்தில் அடுத்தடுத்த வயல்கள் ஒரே வரப்பைப் பகிர்ந்துகொண்டும் வெவ்வேறு நீர்மட்டத்தில் நிற்பதைப் போல, அடுத்தடுத்த கூறுகள் கணுக்களைப் பகிர்ந்துகொண்டும் தங்கள் எல்லையில் வெவ்வேறு தகைவைக் காட்டுகின்றன. ஒரே பொருளாலான தொடர்ச்சியான உடலில் இத்தகைய தாவல் இருக்க இயலாது. எனவே தாவல் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு அவ்விடத்தில் வலை போதவில்லை என்பதைக் கணக்கே ஒப்புக்கொள்கிறது. மென்பொருள் செய்வது என்னவெனில், கூறின் உட்பகுதியில் காஸ் புள்ளிகள் எனப்படும் சில குறிப்பிட்ட இடங்களில் கிடைத்த தகைவை மூலைகளுக்கு நீட்டித்து, ஒரு கணுவைச் சுற்றியுள்ள கூறுகளெல்லாம் தரும் மதிப்புகளைக் கூட்டிச் சராசரி கண்டு, அச்சராசரியை மட்டும் வண்ணமாகத் தீட்டுவது. ஒரு கணுவில் ஒரு கூறு 2 மெகாபாஸ்கல் இழுவிசையையும் பக்கத்துக் கூறு 0.4 மெகாபாஸ்கலையும் காட்டுவதாகக் கொண்டால், படத்தில் வருவது 1.2, இவ்விரு எண்களுக்குமிடையே ஐந்து மடங்கு வேறுபாடு இருந்தது என்பதற்குப் படத்தில் எந்தத் தடயமும் எஞ்சுவதில்லை. ஒரு மெகாபாஸ்கல் என்பது ஒரு சதுர மில்லிமீட்டரில் ஒரு நியூட்டன் விசை.

சராசரி கண்ட தகைவே உண்மைக்கு நெருக்கமானது, ஆகவே அதைக் காட்டுவதில் குறையில்லை என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அது முற்றிலும் பொய்யன்று. ஹின்டனும் கேம்பெலும் 1974இலும், பார்லோ 1976இலும் வெளியிட்ட ஆய்வுகள் முதற்கொண்டு, தகைவை எந்தப் புள்ளிகளில் எடுத்து எவ்வாறு இழைத்தால் துல்லியம் கூடும் என்பது நன்கு ஆராயப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த ஆராய்ச்சி சென்று சேர்ந்த இடத்தை இவ்வாதம் மறந்துவிடுகிறது. சியென்கிவிச், சூ ஆகிய இருவரும் 1987இல் முன்வைத்த பிழை மதிப்பீடு, இழைத்த தகைவுக்கும் இழைக்காத தகைவுக்கும் உள்ள வேறுபாட்டையே பிழையின் அளவாகக் கொள்கிறது. இழைத்த படம் நம்பத்தக்கதா என்பதைச் சொல்ல வல்லது இழைக்காத படம் ஒன்றுதான் என்பதே இதன் பொருள். இரண்டில் ஒன்றை மட்டும் அச்சிட்டு மற்றதைக் கணினியிலேயே விட்டுவிடும் அறிக்கை, தன் முடிவைச் சரிபார்க்கும் வழியை வாசகரிடமிருந்து பறித்துவிடுகிறது. மென்பொருளின் இயல்பமைப்பே அதுதான் என்று சொல்லி ஒதுங்க முடியாது. அறிக்கையில் கையொப்பமிடுவது மென்பொருளன்று.

இது வெறும் கோட்பாட்டுக் கவலை என்போருக்கு நார்வே நாட்டின் ஸ்லைப்னர் ஏ மேடை விடை சொல்கிறது. கடலடி எரிவாயுவுக்காகக் கட்டப்பட்ட அதன் கான்கிரீட் அடிப்பகுதி, 1991 ஆகஸ்ட் 23 அன்று ஸ்டாவங்கர் நகருக்கருகே ஒரு கடற்கழியில் சோதனைக்காக ஆழமாக இறக்கப்பட்டபோது உடைந்து மூழ்கியது. பெரும் உருளைகள் மூன்று சந்திக்கும் முக்கோண அறைகளின் சுவர் ஒன்று நீரழுத்தத்தைத் தாங்காமல் முறிந்தது. அந்தச் சுவரின் சறுக்குத் தகைவை, அதாவது பொருளின் ஒரு படலத்தை அடுத்த படலத்தின் மேல் நழுவச் செய்ய முயலும் தகைவை, வடிவமைப்பின்போது செய்த கணிப்பு ஏறத்தாழ 47 விழுக்காடு குறைத்துக் காட்டியிருந்தது. அவ்விடத்தில் கூறுகள் பெரியவையாகவும் கோணல் வடிவினவாகவும் இருந்தன. விபத்துக்குப் பின் கவனமாகச் செய்த கணக்கு 62 மீட்டர் ஆழத்தில் முறிவு நேரும் என்றது. உண்மையில் அது நேர்ந்தது 65 மீட்டரில். கணிப்பு முறையில் குறையில்லை என்பதையும், வலை போதாத இடத்தை யாரும் பார்க்கவில்லை என்பதையும் இவ்விரு எண்கள் ஒருங்கே நிறுவுகின்றன. இப்போது நம் கணினிகள் வலிமையானவை, வலையை எவ்வளவு வேண்டுமானாலும் நுணுக்கலாம், ஆகவே தாவல்கள் தாமே மறைந்துவிடும் என்ற அடுத்த வாதம் இங்கிருந்துதான் எழுகிறது.

அவ்வாதம் கற்றளியின் வாயிலிலேயே தோற்கிறது. பெரிய கோயில் விமானத்தின் வெளிச்சுவரில் வரிசையாக அமைந்த தேவகோட்டங்களையும் வாயில் நிலைகளையும் எண்ணிப் பார்த்தால், உள்நோக்கி வெட்டப்பட்ட கூர்மூலைகள் எத்தனை எத்தனை என்பது விளங்கும். கல்லை விரிசலுறாத மீள்பொருளாகக் கொள்ளும் கணக்கில் இத்தகைய மூலையில் தகைவுக்கு வரம்பே இல்லை என்பதை வில்லியம்ஸ் 1952இலேயே காட்டிவிட்டார். வலையை நுணுக்க நுணுக்க அங்கே எண் ஏறிக்கொண்டே போகும். நின்று ஓரிடத்தில் அமையாது. மென்பொருள் தன் வண்ண அளவுகோலைப் படத்தில் காணும் மிகப்பெரிய எண்ணுக்கேற்பத் தானே அமைத்துக்கொள்வதால், ஒரு கோட்டத்தின் மூலையில் எழுந்த பொருளற்ற ஒற்றை எண் சிவப்பை முழுதும் பிடித்துக்கொள்ள, எஞ்சிய விமானம் அனைத்தும் நீலத்தில் அமிழ்ந்துவிடுகிறது. அதே கட்டடத்தை, அதே பாரத்தில், வேறொரு வலையில் கணக்கிட்டால் நீலத்தின் பரப்பு மாறும். கட்டடத்தின் பண்பைக் காட்டுவதாக நம்பப்படும் வண்ணம் உண்மையில் வலையின் பண்பைக் காட்டுகிறது.

இதைவிடப் பெரிய பிழை, எந்தத் தகைவைத் தீட்டுவது என்ற தேர்வில் இருக்கிறது. அறிக்கைகளில் மிகுதியாகக் காணப்படுவது ஃபான் மீசஸ் தகைவு. 1913இல் ரிச்சர்ட் ஃபான் மீசஸ் தந்த இந்த அளவீடு, ஒரு புள்ளியில் எல்லாத் திசைகளிலும் செயல்படும் தகைவுகளைச் சேர்த்து, உலோகம் நிலையாக வளையத் தொடங்கும் எல்லையோடு ஒப்பிடத்தக்க ஒரே எண்ணாக ஆக்குகிறது. எஃகு, இழுத்தாலும் அமுக்கினாலும் ஏறக்குறைய ஒரே அளவில் விட்டுக்கொடுப்பதால் அதற்கு இந்த எண் பொருந்துகிறது. திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் பகுதிகளுக்கு அதைத் தீட்டுவதில் தவறே இல்லை. கருங்கல்லோ அமுக்கத்தில் 100 மெகாபாஸ்கலுக்கு மேல் தாங்கினாலும் இழுவிசையில் அதன் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே தாங்கும். சாந்தில்லாமல் அடுக்கிய இரு கற்களுக்கிடையிலான மூட்டு இழுவிசையைச் சிறிதும் தாங்காது. ஃபான் மீசஸ் எண் எப்போதும் நேர்மதிப்பே கொண்டது. அது இழுவிசையையும் அமுக்கத்தையும் வேறுபடுத்துவதில்லை. மண்டபத்தின் இரு தூண்களுக்கிடையே கிடக்கும் உத்தரத்தை இவ்வாறு தீட்டினால், அமுங்கும் மேல்விளிம்பும் இழுபடும் கீழ்விளிம்பும் ஒரே வண்ணத்தில் வருகின்றன. டெல்டாவின் பழங்கோயில்களில் நடுவில் விரிசல் விட்ட உத்தரத்துக்கு அடியில் பின்னாளில் முட்டுக் கொடுத்திருப்பதைப் பார்த்த எந்த ஸ்தபதிக்கும் விரிசல் கீழிருந்தே தொடங்கும் என்பது தெரியும். அவருக்குத் தெரிந்ததை மறைக்கும் படத்தை அறிவியல் என்று அவர்முன் வைப்பது, அவரது தொழிலறிவையும் அறிவியலையும் சேர்த்தே சிறுமைப்படுத்துவதாகும்.

மேலும், பெரிய கோயிலில் மிகப்பெரிய தகைவு எவ்வளவு என்ற கேள்வியே முதன்மையானதன்று. விமானம் ஏறத்தாழ 60 மீட்டர் உயரமுடையது. கூம்பாமல் நேராக நிற்கும் 60 மீட்டர் கருங்கல் தூண் ஒன்று தன் எடையால் அடியில் உண்டாக்கும் அமுக்கம் ஏறத்தாழ 1.6 மெகாபாஸ்கல், விமானம் மேலே செல்லச் செல்லச் சிறுத்துப்போவதால் அதன் சராசரி இதைவிடக் குறைவாகவே இருக்கும். 100ஐத் தாங்கும் கல்லின் மேல் ஒன்றோ ஒன்றரையோ ஏறுகிறது என்றால், கல் நசுங்கி விமானம் விழாது என்பதைக் கண்டறியக் கணினி தேவையில்லை, ஒரு பெருக்கல் போதும். கேம்பிரிட்ஜின் ஜாக் ஹேமன் 1966 முதல் ஐரோப்பியத் தேவாலயங்களை வைத்து நிறுவிய கருத்தும் இதுவே: கற்கட்டடத்தின் உயிர் கல்லின் வலிமையில் இல்லை, வடிவத்தின் சமநிலையில் இருக்கிறது, பாரம் மேலிருந்து கீழே இறங்கும் பாதை சுவரின் தடிப்புக்குள்ளேயே அடங்கி நிற்கும்வரை கட்டடம் நிற்கும். அதே 1 மெகாபாஸ்கல் கல்லுக்கு ஒன்றுமில்லை, மண்ணுக்கு மிகப்பெரிது. சாதாரண மண் பாதுகாப்பாகத் தாங்கும் என்று பொறியாளர் ஏற்கும் அழுத்தம் ஒரு மெகாபாஸ்கலில் பத்தில் சில பங்குகளே. தஞ்சை நகரம் வல்லத்துச் செம்மண் மேட்டுக்கும் காவிரி வண்டலுக்கும் இடைப்பட்ட விளிம்பில் இருக்கிறது. அங்கே கேட்க வேண்டியது அடிமண்ணின் அடுக்குகளைப் பற்றியும், நிலத்தடி நீர் ஏறி இறங்குகையில் அவை சீராக அமுங்குமா என்பதைப் பற்றியும்தான். ஆனால் வண்ணப்படங்கள் பலவற்றில் விமானத்தின் அடிக் கணுக்கள் அசையாதபடி கட்டப்பட்டுவிடுகின்றன. மண்ணே இல்லாத கணக்கில் மண்ணின் ஆபத்து எந்த வண்ணத்திலும் தோன்றாது.

ஆற்றுக் கட்டுமானங்களில் இது இன்னும் வெளிப்படை. ஆர்தர் காட்டன் 1830களில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே எழுப்பிய மேலணையின் மதகுகளில் 9, 2018 ஆகஸ்டில் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. மணற்படுகையின் மேல் நிற்கும் இத்தகைய கட்டுமானத்தில் தூணின் உடலுக்குள் எழும் தகைவைவிட, அடிமணல் அரிக்கப்படுவதும் அடியில் ஊறிச் செல்லும் நீர் மணலைத் தன்னோடு இழுத்துச் செல்வதுமே அஞ்ச வேண்டியவை. தூணை மட்டும் வலையாக்கித் தீட்டினால் கடைசி நாள்வரை அது நீலமாகவே இருந்திருக்கும்.

இனி, இருவேறு பொருள்கள் சேரும் இடம். டெல்டாவின் பெருங்கோபுரங்கள், எடுத்துக்காட்டாக மன்னார்குடி ராஜகோபாலசுவாமி கோயிலிலும் கும்பகோணம் சாரங்கபாணி கோயிலிலும் உள்ளவை, கீழே கருங்கல்லாலும் மேலே செங்கல், சுண்ணாம்புச் சாந்து, சுதை ஆகியவற்றாலும் ஆனவை. கல் விறைப்பானது, செங்கல் கட்டு அவ்வளவு விறைப்பில்லாதது. ஆதலால் இரண்டும் சேரும் மட்டத்தில் கிடைத்திசைத் தகைவு உண்மையாகவே தாவும். அங்கே தாவல் இயற்பியல் கூறும் உண்மை. சராசரி காணும் மென்பொருள், பொருள் எல்லையில் நிறுத்தும்படி பணிக்கப்படாவிட்டால், அந்த உண்மையையும் பிழை என்று கருதி அழித்து, கல்லிலும் இல்லாத செங்கல்லிலும் இல்லாத ஒரு நடுமதிப்பைத் தீட்டிவிடும். முன்னர்ச் சொன்ன இடங்களில் பிழையை மறைத்த அதே செயல் இங்கே மெய்யை மறைக்கிறது. எது பிழைத்தாவல், எது மெய்த்தாவல் என்று பிரித்தறிய வேண்டியவர் பொறியாளர், அவர் முன் இரண்டும் இருந்தால்தான் அது இயலும். கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய காளத்தி ராஜகோபுரம் 2010 மே 26 அன்று சரிந்தது. சரிவதற்கு முன்பே மேலிருந்து கீழாக ஓடிய விரிசல் வெறுங்கண்ணுக்குத் தெரிந்திருந்தது. செங்குத்தாக ஓடும் விரிசல் ஒரு கோபுரத்தை இரண்டு தனிக் கட்டடங்களாக்கிவிடுகிறது. அதன்பின் அவ்விரண்டையும் ஒரே உடலாகக் கொண்டு வலை பின்னி வண்ணம் தீட்டும் கணக்கு, இல்லாத கட்டடத்தைப் பற்றிய கணக்காகும்.

அண்மைக் காலத்தில் லேசர் அளவீட்டின் துணையால் சிற்பத்தின் மடிப்புகள்வரை வலையில் வந்துவிடுகின்றன. ஆவணமாக்கலுக்கு இது பெருங்கொடை என்பதில் ஐயமில்லை. ஆனால் லேசர் தொடுவது புறத்தோலை மட்டுமே. பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றி இரட்டைச் சுவர்களும் அவற்றினிடையே உட்சுற்றும் உள்ளன. அதற்கு மேலே கற்களை உள்நோக்கி நீட்டி நீட்டி அடுக்கி உள்ளீடற்ற கூம்பாக விமானம் எழுகிறது. ஒவ்வொரு வரிசையிலும் கல் எவ்வளவு உள்ளே நீண்டிருக்கிறது, முகப்புக் கற்களுக்குப் பின்னால் நிரப்பியிருப்பது என்ன என்பவை பாரத்தின் பாதையை முடிவு செய்பவை. பியர் பிஷார் 1995இல் வெளியிட்ட கட்டடக்கலை ஆய்வு போன்ற, உள்ளே ஏறி அளந்து வரைந்த பணிகள் இதனால்தான் மதிப்பிழக்காதவை. துவாரபாலகரின் விரல்வரை தெரியும் வலையில் சுவரின் உள்ளீடு வெறும் அனுமானமாக இருக்குமாயின், கண்ணுக்குப் புலப்படும் நுணுக்கம் கணக்குக்கு இல்லாத நம்பகத்தைக் கடன் வாங்கித் தருகிறது.

அதிகாரிகளுக்கும் அறங்காவலர்களுக்கும் எளிய படமே வேண்டும், கூறுகளின் எல்லையில் உடைந்து நிற்கும் வண்ணங்களைக் காட்டினால் குழம்புவார்கள் என்பது கடைசி வாதம். இது வாசகரின் அறிவைக் குறைத்து மதிப்பிடுவது. வானவில் வண்ணவரிசையும் எளிமைக்கு உதவுவதில்லை: மஞ்சள் மிகப் பிரகாசமாகத் தெரிவதால் எண்ணில் இல்லாத எல்லைகள் கண்ணில் தோன்றுகின்றன, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோருக்குப் படமே பயனற்றுப் போகிறது. போர்லண்டும் டெய்லரும் 2007இல் இதை விரிவாக எழுதியும் பழக்கம் மாறவில்லை. கல் கட்டடத்துக்கு உண்மையில் எளிமையான படம் வேறு. ஒவ்வொரு புள்ளியிலும் தகைவு மிகுந்தும் குறைந்தும் செயல்படும் திசைகளில் முதன்மைத் தகைவுகளை அம்புகளாக வரைந்து, அமுக்கத்துக்கு ஒரு நிறமும் இழுவிசைக்கு வேறொரு நிறமும் கொடுத்தால், பாரம் எவ்வழி இறங்குகிறது என்பதை ஸ்தபதியும் செயல் அலுவலரும் ஒருங்கே படிக்க முடியும். இழுவிசை அம்பு மூட்டைக் கடக்கும் இடங்களே திறக்கக்கூடிய மூட்டுகள். கள ஆய்வில் பார்த்த விரிசல்களை அதே படத்தின் மேல் குறித்துவிட்டால் கணக்கு மெய்யோடு ஒத்துப்போகிறதா என்பது யாருக்கும் விளங்கும்.

எதை அளந்து காட்டுவது என்பதும் கட்டடத்தைப் பொறுத்தே அமைய வேண்டும். பெரிய கோயிலின் உட்சுற்றுச் சுவர்களில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார், அதற்கு மேல்தளத்தில் 81 கரணச் சிற்பங்கள் உள்ளன. ஓவியத்தைத் தாங்கும் மெல்லிய சுண்ணப்பூச்சு, கருங்கல்லுக்குப் பொருட்டே இல்லாத சிறு அசைவிலும் வெடிக்கக்கூடும். ஆகவே அங்கே வேண்டியது இரட்டைச் சுவர்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்ற இடப்பெயர்ச்சிப் படம். அது, முன்னர் விளக்கியபடி, தகைவைவிட நம்பத்தக்க விடையும் ஆகும். ஓவியச் சுவருக்கு ஃபான் மீசஸ் படத்தை அச்சிடும் அறிக்கை, காக்க வேண்டிய பொருள் எது என்பதையே எண்ணிப் பார்க்கவில்லை.

யுனெஸ்கோ 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற இக்கோயிலைப் பற்றியோ, பட்டியலில் இடம்பெறாத எண்ணற்ற ஊர்க் கோயில்களைப் பற்றியோ தரப்படும் எந்தக் கணிப்பும், இழைக்காத தகைவையும் இழைத்த தகைவையும் ஒரே அளவுகோலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தும், இரண்டு வலைகளிலேனும் கணக்கிட்டு எந்த எண் நிலைத்தது, எது ஏறிக்கொண்டே போனது என்பதைச் சொல்லியும், அடிமண்ணையும் சுவரின் உள்ளீட்டையும் எவ்வாறு கொண்டது என்பதைப் படத்துக்குக் கீழேயே எழுதியும் வெளிவர வேண்டும். இதற்குக் கூடுதல் செலவாகும் என்று யாரும் சொல்ல முடியாது: சராசரியை நிறுத்தும் வசதி இன்று புழக்கத்திலுள்ள மென்பொருள்கள் ஏறக்குறைய அனைத்திலும் இருக்கிறது, இரண்டாம் வலைக்கு வேண்டியது சில மணி நேரக் கணினி ஓட்டமே. அவற்றைத் தராத அறிக்கையை இந்து சமய அறநிலையத் துறையும் தொல்லியல் துறையும் திருப்பி அனுப்பலாம்; திருப்பணி தொடங்கும் முன்பே அனுப்பலாம்.